குளிப்பாட்டிக் கொண்டுவர வேண்டாம்

போன மாதம் நிரோஷா எனக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வுபெறும்வரை வேலை செய்த மனநலக் கிளினிக்கில் இப்போது பொறுப்பாக இருக்கும் தாதி அவள். நோயாளிகள் இனி வீட்டிலிருந்தே கைப்பேசித் திரையில் மனநல வைத்தியரைச் சந்திக்கலாம் என்று ஒரு திட்டம் வருகிறதாம். முதல் தடவை வருகிறவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன நடக்கும் என்று சொல்லும் அறிவுறுத்தல் தாள் அது. கூடவே குரலில் ஒரு செய்தி: “மிஸி, எழுத்துப்பிழையை மட்டும் ஒருக்காப் பாத்துத் தாங்கோ. அச்சடிக்கக் குடுக்கோணும்.” தாதிமாரை எங்கள் பக்கம் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

எழுத்துப்பிழையாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முதலாவது, வெளிச்சமான இடத்தில் இருங்கள். சரி. இரண்டாவது, கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டு வையுங்கள். அதுவும் சரி. மூன்றாவது: “குளித்து, தலைவாரி, நேர்த்தியான உடை அணிந்து திரையின் முன் அமருங்கள்.”

எனக்கு இரத்தம் கொதித்தது. எழுதியவர் யாரென்று தெரியாது. ஏதோ ஒரு கந்தோரில், மின்விசிறிக்குக் கீழே இருந்து, நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். நாங்களும் நல்ல மனதோடுதான் செய்தோம். அதனால் ஒரு பிள்ளை மண்ணுக்குள் போனது. எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

நான் உயிலங்குளத்து வயற்காரக் குடும்பத்துப் பெண். தாதிப் பயிற்சி முடித்து, மனநலப் பயிற்சிக்காகக் கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன். அங்கே கற்றவற்றில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது ஒன்று. எங்கள் வார்ட்டுக்குப் பொறுப்பாக ஒரு சிங்களத் தாதி இருந்தார். புது நோயாளி வந்தால் எங்களைக் கதவடியில் நிறுத்தி, ஆள் நடந்து வருவதைப் பார்க்கச் சொல்வார். செருப்பு இரண்டும் ஒரே சோடியா, சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கிறதா, நகம் எப்படி, என்ன மணம் வருகிறது, பையை யார் தூக்கி வருகிறார்கள், இருக்கச் சொல்லமுன் இருக்கிறாரா. வாயால் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒருநாள் ஒரு கிழவியின் மாறிப் பூட்டிய பொத்தானை இரக்கப்பட்டு நான் சரியாகப் பூட்டிவிட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். வைத்தியர் படிக்கவேண்டிய கடிதத்தை நீ அழித்துவிட்டாய் என்றார். அன்று வெட்கப்பட்டேன். ஆனாலும் மனதில் ஆழப் பதியவில்லைப் போலும்.

சண்டை முடிந்து, முகாம்களில் இருந்தவர்களைப் பஸ்களில் ஏற்றிக்கொண்டுவந்து அவரவர் ஊர்களில் இறக்கத் தொடங்கிய காலத்தில் நான் மன்னாரில் இருந்தேன். உப்புக்குளத்தில் ஓர் அறை வாடகைக்கு. மாவட்டம் முழுவதற்கும் நிரந்தர மனநல நிபுணர் இல்லை. இருந்தது கிளினிக், இரண்டு அலுமாரி நிறைய மருந்துக் குளிசை, நான், எனக்கு மேலே பொறுப்பு வைத்தியர்.

அந்தப் பொறுப்பு வைத்தியரின் பெயர் இங்கே வேண்டாம். கெட்ட மனிதர் அல்ல. பாதை வெள்ளத்தில் அடிபட்ட நாளில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மருந்து கொண்டுபோனவர். குரலை ஒருநாளும் உயர்த்தியதில்லை. ஒவ்வொரு நோயாளியும் வந்து இருந்தவுடன் கைமணிக்கூட்டைக் கழற்றி, முகம் மேலே தெரிய மேசையில் வைப்பார். அதன் பக்கத்தில் நீலப் பேனை, அதன் பக்கத்தில் சிவப்புப் பேனை. நேரம் முடிந்ததும் சிவப்புப் பேனையால் மணிக்கூட்டை மெதுவாகத் தட்டுவார். அந்தச் சின்னச் சத்தத்துக்கு நான் பயந்ததுபோல ஷெல் சத்தத்துக்கும் பயந்ததில்லை. அதை இப்போது எழுத எனக்கே கோபமாக இருக்கிறது.

ஒருநாள் ஒரு தொண்டு நிறுவனம் மடிக்கணினி ஒன்றைத் தந்தது. கொழும்பிலிருந்து ஒரு நிபுணர், தமிழ் டொக்டர் அம்மா, செவ்வாய்க்கிழமைகளில் திரையில் வந்து நோயாளிகளைப் பார்க்க ஒத்துக்கொண்டார். பொறுப்பு வைத்தியர் புது மாப்பிள்ளைபோல ஓடித்திரிந்தார். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அவர் தன் வீட்டு மேசைவிரிப்பைக் கொண்டுவந்து விரித்தார், நிலம்வரை தொங்கியது. பிளாஸ்ரிக் பூச்சாடி ஒன்று வந்தது. அலுமாரிக்குள் ஒரு சீப்பு, ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, ஒரு நகவெட்டி.

“கொழும்பில இருந்து பாக்கப்போகினம், மிஸி. எங்கட சனத்தை ஊத்தையாக் காட்டக்கூடாது.”

அதில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முகாமில் வருடக்கணக்காக யார்யாரோ வந்து எங்கள் சனத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது, தலைவிரித்தபடி அழும்போது, பிள்ளைக்கு மூக்கு வடியும்போது. ஒருவர்கூட “முகத்தைக் கழுவிவிட்டு வாங்கோ, பிறகு எடுக்கிறேன்” என்று சொல்லவில்லை. அதனால் கமரா என்றால் எங்கள் சனத்துக்கு ஒரு வைராக்கியம். செவ்வாய்க்கிழமை கிளினிக் வாசலில் பார்த்தால் யாருக்கோ கலியாணம் என்று நினைப்பீர்கள். பெண்கள் பவுடர் பூசி, ஆண்கள் சவரம் செய்து. ஒருவர்கூட நோய்க்காரர்போல இல்லை. எங்களுக்குப் பெருமை.

சூசைதாசன் முசலிப் பக்கக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் மீள்குடியேறியவர். மீன்பிடிகாரர். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. மனைவி ஜெசிந்தா. ஒரே மகள் பிறிஸ்கா, ஏழு வயது. ஜெசிந்தா கிளினிக்குக்கு முதலில் தனியே வந்து, மனுசன் நித்திரை கொள்வதில்லை என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம் என்று தெரிந்தது. அடுத்த வியாழக்கிழமை பஸ் ஏறி அவர்களின் வீட்டுக்குப் போனேன்.

வீட்டுத்திட்ட வீடு. சுவர் எழும்பி, தகரம் போட்டாயிற்று. நிலத்துக்குச் சீமெந்து இன்னும் இல்லை, வெறும் மணல். உள்ளறைக்குள் என் நெஞ்சளவு ஆழத்தில் ஒரு கிடங்கு. மேலே பாதிக்குக் கதவுப் பலகை, அதன்மேல் மணல் நிரப்பிய அரிசிச் சாக்குகள். உள்ளே ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு பள்ளிக்கூடப் பை.

“பங்கர், மிஸி,” என்றாள் ஜெசிந்தா. “வந்து இறங்கின கிழமையே வெட்டத் தொடங்கிற்றார். பிள்ளையை அதுக்குள்ளதான் படுக்க விடுறார். மறிச்சால் அடிக்கிறேல்லை, ஏசுறேல்லை. கையெடுத்துக் கும்பிடுறார். நான் என்னெண்டு மறிக்கிறது? மம்பெட்டியை ஒளிச்சு வச்சன். கையால தோண்டுறார்.”

சூசை முற்றத்தில் நின்றிருந்தார். நல்லாக் கதைத்தார், தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். அவர் கோப்பையை நீட்டியபோது விரல்களைப் பார்த்தேன். நகங்கள் பிளந்து, சதையோடு சேர்ந்து கறுத்து, அடியில் மண்ணும் காய்ந்த இரத்தமும்.

பங்கர் எனக்குப் புதிதல்ல. உயிலங்குளத்தில் நாங்களும் வெட்டியிருக்கிறோம், இருந்திருக்கிறோம். எங்கள் களிமண் சுவர்போல நிற்கும். அதனால் அந்தக் கிடங்கைப் பார்த்ததும் எனக்கு அவருடைய மனநோய்தான் தெரிந்தது, ஆபத்துத் தெரியவில்லை. அதை ஜெசிந்தாதான் சொன்னாள், வாசல் படலைவரை என்னோடு வந்து, குரலைத் தாழ்த்தி.

“இது கரை மண், மிஸி. காய்ஞ்சு கிடக்கேக்க நிக்கும். மாரி துவங்கினால் சரிஞ்சு போகும். மழைக்கு முதல் ஏதாவது செய்யுங்கோ. என்ர பிள்ளை உதுக்குள்ள படுக்குது.”

செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் இரண்டு பக்கத்தில் எழுதிய குறிப்பைப் பொறுப்பு வைத்தியர் வாசித்தார். முழுவதையும் வாசித்தார், அதில் குறைசொல்ல மாட்டேன். பிறகு கொழும்புக்கு அனுப்பும் படிவத்தை எடுத்தார். ஒரு பக்கம், எல்லாம் கட்டங்கள். நித்திரைக்கு ஒரு கட்டம், பசிக்கு ஒன்று, குடிக்கு ஒன்று. பங்கருக்குக் கட்டம் இல்லை. நித்திரைக் கட்டத்தில் சரி போட்டார்.

“டொக்டர், அந்தக் கிடங்கு?”

“அதை டொக்டர் அம்மா கேப்பா, மிஸி. அவர் சொல்லுவார்தானே.”

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். ஜெசிந்தா மனுசனைக் குளிப்பாட்டி, சவரம் எடுத்துவிட்டு, கோயில் திருநாளுக்குத் தைத்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக் கூட்டி வந்திருந்தாள். மிச்சம் இருந்தது அந்த விரல்கள் மட்டும்தான். பொறுப்பு வைத்தியர் அவற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உதை வெட்டிவிடுங்கோ, மிஸி.”

வெட்டினேன். பத்து விரலையும் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, பஞ்சால் மண்ணைத் துடைத்து, பிய்ந்த ஓரங்களை வெட்டி, ஒழுங்காக்கினேன். அவர் சின்னப்பிள்ளைபோலக் கையைத் தந்தபடி இருந்தார்.

“நோகுதோ, தம்பி?”

“இல்லை மிஸி, சுகமாக் கிடக்கு.”

வேலை முடிந்ததும் அந்தக் கைகளைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்திக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

திரையில் டொக்டர் அம்மா வந்தார். முதல் சந்திப்பு எப்படி இருக்கும் என்று நிரோஷா அனுப்பிய தாளில் அழகாக எழுதியிருக்கிறார்கள். உண்மையில் இப்படித்தான் இருக்கும். அவர் தன் பெயரைச் சொல்வார். அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு அவர் கீழே பார்ப்பதுபோலத் தெரியும். அலட்சியம் என்று நினைக்காதீர்கள், கமரா இருக்கும் இடம் அப்படி. நித்திரை, சாப்பாடு, காதில் குரல் கேட்கிறதா, சாக வேண்டும்போல இருக்கிறதா என்றெல்லாம் நேராகக் கேட்பார். நேராகவே பதில் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. இடையில் தொடர்பு அறும். அறுந்தால் யார் யாருக்குத் திரும்ப எடுப்பது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். தரும் குளிசை மறுநாளே வேலை செய்யாது, கிழமைகள் ஆகும். இவ்வளவும் சரி. ஆனால் அவருக்குத் தெரிவது உங்கள் தலையும் நெஞ்சும் மட்டும்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அல்லது பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும்.

“என்ன கஷ்டம் உங்களுக்கு?”

“நித்திரை குறைவு, டொக்டர்.”

“பகலில என்ன செய்வீங்கள்?”

“வீட்டில வேலை கிடக்கு, டொக்டர்.”

“கை இரண்டையும் நீட்டிக் காட்டுங்கோ பாப்பம்.”

நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்கக் கேட்டார். சூசை நீட்டினார். சுத்தமான, ஒழுங்காக நகம் வெட்டிய பத்து விரல்கள். டொக்டர் அம்மா தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார்.

“வீட்டில எப்பிடி இருக்கிறார், அம்மா?”

ஜெசிந்தா மனுசனைப் பார்த்தாள். அவர் பக்கத்துக் கதிரையில், முழங்கால் முட்ட இருந்தார். எந்தப் பெண் சொல்வாள்? “பரவாயில்லை, டொக்டர்,” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்தேன். சிவப்புப் பேனை மணிக்கூட்டில் தட்டியது. நோயாளியும் வைத்தியரும் பேசும்போது தாதி குறுக்கே பேசக்கூடாது என்பது அவருடைய சட்டம். நான் வாயை மூடினேன். இருபத்தைந்து வருடம் தாதியாக இருந்தவள், ஒரு பேனைச் சத்தத்துக்கு வாயை மூடினேன். டொக்டர் அம்மா இரவுக்கு ஒரு குளிசை, ஒரு மாதம் கழித்து வாங்கோ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது. அறுந்தது நல்லது என்பதுபோலப் பொறுப்பு வைத்தியர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். “ஆள் நல்லாத்தானே இருக்கிறார், மிஸி,” என்றார்.

பின்னேரமே நான் அந்த டொக்டர் அம்மாவுக்குத் தனியாக ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அடுத்த செவ்வாய் சொல்லலாம் என்று விட்டேன். மழை செவ்வாய்க்கிழமை பார்த்து வருவதில்லை.

அந்தச் செவ்வாய் வருமுன்பே, பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரத்தில், இடியோடு மாரி துவங்கியது. இடிச்சத்தம் கேட்டதும் சூசை மகளைத் தூக்கிக் கிடங்குக்குள் இறக்கினார். ஜெசிந்தா கிணற்றடியில் இருந்து ஓடிவருமுன் ஒரு பக்கச் சுவர் மணல் சரிந்து, மேலே இருந்த சாக்குகளும் பலகையும் உள்ளே இறங்கின. பிள்ளை கழுத்துவரை. முகத்தின்மேல் பலகை சாய்ந்து நின்றதால் மூச்சு இருந்தது. அயலவர்கள் ஓடிவந்து பார்த்தபோது சூசை வெறுங்கையால் மணலை வாரிக்கொண்டிருந்தாராம். வார வார மணல் உள்ளேதான் சரிந்ததாம். நாலு பேர் சேர்ந்து எடுத்தார்கள். பிறிஸ்கா பிழைத்தாள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நெஞ்சு நெரிந்ததில் மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

நான் வார்ட்டுக்குப் போனேன். ஜெசிந்தா கட்டிலடியில் இருந்தாள். அழவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள்:

“அண்டைக்கு நீங்கள் அவர்ர நகத்தை வெட்டாமல் விட்டிருந்தால், மிஸி, அந்த டொக்டர் கேட்டிருப்பாதானே?”

ஓம் என்பதைத் தவிர வேறு பதில் அதற்கு இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சூசையை ஆஸ்பத்திரியில் இருந்து நேரே கிளினிக்குக்குக் கூட்டிவந்தேன். மணல் சரிந்த அன்று கட்டியிருந்த அதே சாரம், மண் ஒட்டின சேட்டு, தாடி. விரல்களில் மூன்றில் நகமே இல்லை. பொறுப்பு வைத்தியர் கதவடியில் நின்றார்.

“இந்தக் கோலத்திலயோ? குளிப்பாட்டிக் கொண்டு வாங்கோ, மிஸி. நேரம் கிடக்கு.”

“மாட்டன், டொக்டர்.”

அந்த மனிதருக்கு நான் அதுவரை மாட்டேன் என்று சொன்னதில்லை. உள்ளே போனேன். மேசைவிரிப்பை உருவிக் கதிரையில் போட்டேன். மணிக்கூட்டை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துச் சாத்தினேன். மடிக்கணினியைத் தூக்கி அறையின் மற்ற மூலையில் வைத்து, கதவு தெரியும்படி திருப்பினேன். டொக்டர் அம்மா திரையில் வந்ததும், “டொக்டர், ஆள் நடந்து வாறதைப் பாருங்கோ. பிறகு கையைப் பாருங்கோ. பிறகு கேளுங்கோ,” என்றேன். என் குரல் சத்தமாகத்தான் இருந்தது. வாசலில் இருந்த சனமெல்லாம் எழும்பி நின்றதாம்.

அவர் பார்த்தார். கிடங்கைப் பற்றி நான் முழுவதும் சொன்னேன். பிறகு யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“எதுக்குத் தம்பி பங்கர் வெட்டினனீங்கள்? சண்டை முடிஞ்சுதல்லோ?”

“முடிஞ்சுது எண்டுதான் சொல்லுறாங்கள், டொக்டர்,” என்றார் சூசை. “முந்தியும் ரெண்டு தரம் சொன்னவங்கள்.”

அன்று அவர்கள் முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். தட்ட மணிக்கூடு இல்லை. முடிவில் டொக்டர் அம்மா, “இது எனக்கு ஏன் முதலே தெரியாமல் போச்சு?” என்று கேட்டார். பொறுப்பு வைத்தியர் சுவரைப் பார்த்தபடி நின்றார். “நாங்கள் கழுவிப்போட்டம், டொக்டர்,” என்று நான்தான் சொன்னேன்.

மேலதிகாரியை மதிக்காமல் நடந்ததற்கு விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. கையெழுத்து அவருடையதுதான். ஒரே வரியில் பதில் எழுதினேன்: பிள்ளையின் கையைப் போய்ப் பாருங்கள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த மேசைவிரிப்பு மறுநாள் அவருடைய வீட்டுக்குப் போய்விட்டது. திரும்பி வரவேயில்லை.

சூசைக்குச் சுகமாக இரண்டு வருடம் பிடித்தது. கிடங்கை ஊர்ச்சனம் மூடி, நிலத்துக்குச் சீமெந்து போட்டுக் கொடுத்தது. கடலுக்குத் திரும்பப் போனார். ஆனால் கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு மாதமும் கதிரையில் இருக்கமுன் என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டுவார், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுவதுபோல. “பாருங்கோ, மிஸி.” நான் கடைசியாக வேலைசெய்த நாள்வரை நீட்டினார். ஒவ்வொரு முறையும் பத்து விரலையும் பார்த்தேன். ஒருமுறைகூட நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தாளை நிரோஷாவுக்குத் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் வரியை வெட்டி, ஏன் வெட்டினேன் என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். போன திங்கட்கிழமை அச்சடித்து வந்துவிட்டது. நிரோஷா ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. நான் திருத்தியதெல்லாம் திருத்தியிருந்தார்கள். மூன்றாம் வரி அப்படியே இருந்தது.

பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போனேன். தாள் கட்டுகள் மேசையில் இருந்தன.

“மேல கேட்டனான், மிஸி,” என்றாள் நிரோஷா. “அச்சடிச்சது அச்சடிச்சதுதானாம்.”

“பேனை கிடக்கோ?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து இரண்டு பேனை எடுத்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. பின்னேரம்வரை இருந்து, ஒவ்வொரு தாளிலும் மூன்றாம் வரியை வெட்டி, மேலே கையால் எழுதினோம்: இருக்கிற கோலத்திலேயே வாருங்கள்.